ஏரிக்கரையில் குளித்த கறுப்பு வண்டி

கறுப்புக் கார் பளபளவென்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் உடனே தலையாட்டிவிட மாட்டேன். கிட்டே போய்க் குனிந்து, கண்ணைப் பானெட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெயில் விழுகிற பக்கத்திலிருந்து பார்ப்பேன். பாதி வண்டிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வெள்ளை வண்டியில் கீறல் தெரியாது. பச்சையில்கூட ஒப்பேற்றிவிடலாம். கறுப்பு இருக்கிறதே, அது யாருக்கும் சலுகை காட்டாது. துணியில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், நீங்கள் எந்தப் பக்கமாகத் தேய்த்தீர்கள் என்பதை வட்டம் வட்டமாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் கடைசியாக வேலை பார்த்த அம்பத்தூர் பட்டறைக்குச் சமீபத்தில் போயிருந்தேன். பெயிண்ட் செக்‌ஷனில் பாலிஷ் போடப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. வட்டத் தட்டு ஒன்று சுற்றுகிறது. அதில் கம்பளி மாட்டி, மருந்து தடவி, வண்டிமேல் வைத்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கதவு பளிச்சென்று ஆகிவிடுகிறது. அங்கிருந்த ஆட்கள் நான் மூக்கைச் சுளிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் எதற்குச் சுளிக்க வேண்டும்? அந்த மெஷின் எனக்கு அப்போதே கிடைத்திருந்தால் என் வலது தோள் இன்றைக்கு இந்தப் பாடு படுத்தாது.

"அண்ணாத்தே, நீங்க வெறுங்கையாலதான் தேச்சீங்களாமே! அதுல இன்னா பெருசா ஷைனிங் வந்துருக்கும்?" என்று ஒருவன் கேட்டான்.

கேட்டதில் தப்பில்லை. கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே நின்று பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். பூந்தமல்லியில் ஒரு வாடகைக் கார் கொட்டகை இருந்தது. எனக்குச் சொந்த ஊர் பருத்திப்பட்டு. ஏரிக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு. அப்பா காலமானதும் கொஞ்சநஞ்ச நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்குச் சேறு ஆகாது. காலில் பட்டால் கழுவிக்கொண்டே இருப்பேன். "நீ எதையாச்சும் கழுவிக்கினு கெடக்கத்தான்டா லாயக்கு" என்று அம்மா திட்டினாள். அவள் வாய் முகூர்த்தம், கார் கழுவுகிற வேலையே கிடைத்தது. முதலில் சக்கரம் கழுவ விட்டார்கள், பிறகு மட்கார்டு, அதற்கப்புறம் கதவு. பானெட்டைத் தொட விடுவதற்குள் ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. தொழில் கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

கொட்டகையில் முதலாளி என்று ஒருவர் இருந்தார். ஆனால் எனக்கு மேலே இருந்தவர் டிரைவர் காதர் பாய். முதலாளி கோபித்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். பாய் கோபித்துக்கொள்ளவே மாட்டார், மறக்கவும் மாட்டார். நெட்டையான ஆள். மெல்லிய வெள்ளை மல் துணியில் தலைப்பாகை கட்டுவார். கொட்டகையில் கண்ணாடி கிடையாது. தினமும் காலையில் வண்டியின் பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அதில் முகத்தைப் பார்த்துத்தான் கட்டுவார். மடிப்பு மடிப்பாகச் சுற்றி, நுனியைச் செருகி, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார். திருப்தியாக இருந்தால் ஏறி உட்கார்ந்துவிடுவார். இல்லாவிட்டால் கட்டியதை முழுக்க அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, "கோணலாத் தெரியுது. என் தலை நேராத்தான் கீது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நான் கதவை மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். ஒருநாள் அவர் அப்படி அவிழ்த்துக் கொடுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாய், ஒரு கண்ணாடிய வாங்கி மாட்டித் தொலையக் கூடாதா?"

"மாட்டலாம். அப்பறம் உனக்கு இன்னா வேல?" என்றார்.

எங்கள் வண்டி கூரை போட்ட ஒரு பெரிய மூடு கார். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு, ஆஸ்பத்திரி, கோர்ட்டுக் கச்சேரி, சாவு என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பருத்திப்பட்டிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் இருந்த மண் ரோடுகளின் புழுதி முழுவதும் அதன் மேல்தான். யுத்தம் வந்து ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓட ஆரம்பித்த பிறகு கேட்கவே வேண்டாம்.

புழுதி படிந்த கறுப்பு வண்டியைக் கண்டதும் துணியை எடுத்துத் தட்டுகிறவன் முட்டாள். நான் சொல்லவில்லை, வண்டியே சொல்லும். புழுதி என்பது பொடி மணல். உலர்ந்த துணியால் தட்டினால் மணலை வைத்துத் தேய்த்தது போலத்தான் ஆகும். முதலில் வண்டி நிழலில் நிற்க வேண்டும். இஞ்சின் சூடு ஆறி, பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதற்கப்புறம் கூரையிலிருந்து கீழ்நோக்கி வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வரவேண்டும். கை படக் கூடாது. தண்ணீரே மணலைக் கூட்டிக்கொண்டு போய்விடும். பிறகு பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர். சோடா போட்ட சோப்பைத் தொட்டால் பெயிண்ட் வெளுத்துப் போகும். மேல்பாகத்துக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு வேறு துணி. இதைக் கலந்தவனை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன், பிற்காலத்தில்.

தண்ணீரிலும் விஷயம் இருக்கிறது. கொட்டகைக் கிணறு உப்புக் கிணறு. அந்தத் தண்ணீர் கறுப்பின்மேல் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். ஆகவே குடிக்கிற நல்ல தண்ணீரை வண்டிக்குக் கொண்டுவருவேன். தெருப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "குடிக்கிற தண்ணியில காரக் குளிப்பாட்றான் பாரு மவராசன்" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் யாரும் காதர் பாயிடம் வேலை பார்க்கவில்லை.

ஈரத்தைத் துடைக்கப் பழைய மல் வேட்டி. கரையைக் கிழித்து எறிந்துவிட வேண்டும், கரையில் இருக்கிற தடித்த நூலே கோடு போட்டுவிடும். தேய்க்கக் கூடாது. விரித்துப் போட்டு, இழுத்து எடுக்க வேண்டும். கடைசியில்தான் மெழுகு. தேன்மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தில் வைத்து உருக்கி, அடுப்பை விட்டுத் தள்ளி வந்து டர்பன்டைன் ஊற்றிக் கலக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் ஊற்றினால் புருவம் போய்விடும், எனக்கு ஒருமுறை போயிற்று. ஆறினால் வெண்ணெய் பதத்தில் இருக்கும். அதை மெல்லிசாகப் பூசி, உலரவிட்டு, வேறு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நிறையப் பூசினால் நிறையப் பளபளப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நிறையப் பூசினால் நிறையப் புழுதி ஒட்டும், அவ்வளவுதான். சில கொட்டகைகளில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். தேங்காயெண்ணெய் தடவியவனையும் பார்த்திருக்கிறேன். ரெண்டும் தெருமுனை வரைக்கும் மின்னும்.

எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டென்றால், அது ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். மனிதனுக்குச் சுற்றிக் கீழே கொட்டினால் எனக்கென்ன வந்தது? ஆனால் நம் பெண்கள் அதில் விரலை நனைத்துப் பானெட்டில் பெரிய பொட்டாக வைப்பார்கள். புதுக் கார், பெரிய கார் என்றால் பொட்டும் பெரிதாகும். சுண்ணாம்பு பெயிண்டைத் தின்றுவிடும் என்று யார் யோசிக்கிறார்கள்? ஒரு கல்யாணத்துக்குப் போன வண்டி அப்படிப் பொட்டோடு நாள் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு வந்தது. கழுவினேன். மஞ்சள் போயிற்று, ஆனால் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வடு அங்கேயே நின்றது. பாய் தலைப்பாகை கட்ட வந்தவர் அதைப் பார்த்தார். தலைப்பாகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுந்தலையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவர் சாயங்காலம் திரும்பியதும் ஆரம்பித்தேன். புளித்த காடியில் நிறையத் தண்ணீர் விட்டு, துணியில் நனைத்து ஒற்றி எடுத்தேன். சுண்ணாம்பின் மிச்சம் போயிற்று, வடு போகவில்லை. இனிமேல் தேய்ப்புதான். சாக்கட்டித் தூளை மல் துணியில் சலித்து, டர்பன்டைனில் குழைத்து, ஒரே நேர்கோட்டில் தேய்த்தேன். வட்டமாகத் தேய்த்தால் வட்டம் நின்றுவிடும். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒட்டினால் செத்த பெயிண்ட் வருகிறது என்று அர்த்தம். நல்ல கறுப்பாக ஒட்ட ஆரம்பித்தால் உயிருள்ள பெயிண்ட் வருகிறது, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பானெட்டின் நடு முகட்டில் பெயிண்ட் மெல்லிசு. அங்கே ஒரு இழுப்பு அதிகமானாலும் அடியிலிருக்கிற செங்காவிப் பூச்சு பல்லை இளிக்கும். நான் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். மெழுகு போட்டேன். மறுநாள் பாய் தலைப்பாகையைப் பின்கதவில் பார்த்துக் கட்டவில்லை. பானெட்டுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்று அதில் பார்த்துக் கட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு தங்கை, வள்ளி. அவளுக்கு முதலில் ஒரு இடம் முடிந்து, பந்தக்கால்கூட நட்டுவிட்டோம். அந்த மாப்பிள்ளைப் பையன் வாந்திபேதி கண்டு இறந்துபோனான். அவன் முகத்தைக்கூட வள்ளி சரியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் பழி இவள்மேல் விழுந்தது. ராசியில்லாதவள் என்று ஊர் பேசியது. அதற்கப்புறம் வந்த வரன்கள் எல்லாம் விசாரித்துவிட்டு வந்த வழியே போய்விட்டன. வள்ளி எதிரே வந்தால் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு வயிறு எரியும். அவளோ எல்லாவற்றுக்கும் சிரித்துவிடுவாள், அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

கடைசியில் மேனாம்பேட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை சுந்தரம், ரயில்வேயில் வேலை. அவனுடைய அம்மா தனம்மா எல்லாவற்றையும் விசாரித்து, தெரிந்துகொண்டுதான் வந்தாள். "பொண்ணு எனக்குப் புடிச்சிருக்குது. மாப்பிள்ள அழைப்பு மட்டும் கார்ல வெச்சுடு. அண்ணங்காரன் கார் கொட்டாயில கீற, அதுகூடச் செய்ய மாட்டியா?" என்றாள். செய்ய மாட்டேனா? முதலாளியிடம் கேட்டேன், தயங்காமல் கொடுத்தார். பாயிடம் கேட்டேன். "இதக்கூடக் கேக்கணுமாடா, பேமானி?" என்றார். அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் ஓய்ந்த நேரமெல்லாம் அந்த வண்டியைத்தான் தேய்த்தேன். மெழுகுமேல் மெழுகாகப் போட்டேன். எத்தனையோ பேர் கல்யாணத்துக்குத் தேய்த்திருக்கிறேன். இது வள்ளிக்கு.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வண்டி ஒரு சாவுக்குப் போய்வந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு மிராசுதாரை மேனாம்பேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாய்தான் ஓட்டினார், நான் போகவில்லை. வந்ததும் உள்ளும் புறமும் கழுவி, ஸீட்டைத் துடைத்துச் சாம்பிராணி போட்டேன். அந்த ஊரில்தான் நாம் சம்பந்தம் செய்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கழுவிவிட்டால் என் கணக்கில் அது புது வண்டி.

மாப்பிள்ளை வீட்டார் வெயில் தாழ மாட்டுவண்டிகளில் வந்து ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு மேளதாளத்தோடு காரில் ஊர்வலம். வண்டி மாலையெல்லாம் கட்டி நிற்கிறது. ஏரி மொத்தமும் கதவில் தெரிகிறது. சுந்தரம் மாலையோடு ஏறக் காலைத் தூக்கினான்.

"ஏறாத! எறங்குடா கீழ!" என்று ஒரு சத்தம்.

சுந்தரத்தின் தாய்மாமன் கண்ணப்பன். பெருத்த ஆள். பாயின் தலைப்பாகையைப் பார்க்கிறான், கதவைப் பார்க்கிறான், முகம் கறுத்துவிட்டது.

"இது சாவு ஊட்டு வண்டிடா. போன வாரம் மிராசுதார் பொணத்த இதுலதான் எறக்குனோம். நானே ஒரு கை புடிச்சேன். கதவாண்ட நிக்கச்சொல்ல என் மூஞ்சி அப்டியே இதுல தெரிஞ்சுது. இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எந்த வண்டி இப்டி மின்னுது?"

என் பாலிஷே எனக்கு எமனாக வந்து நின்றது. மேளம் நின்றுவிட்டது. வேறு வண்டிக்கு எங்கே போவது? யுத்தம், பெட்ரோலுக்குக் கூப்பன், இருந்த வண்டிகளெல்லாம் பட்டாளத்து வேலையாக ஓடிக்கொண்டிருந்தன. பாய் என் காதருகே, "அது வேற வண்டின்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பொய் சொல்லி நடத்துகிற கல்யாணத்தில் நாளைக்கு வள்ளி அல்லவா மாட்டிக்கொள்வாள்?

"ஆமா மாமா, அதே வண்டிதான்" என்றேன். "நீங்களுந்தான் பொணத்தத் தொட்டீங்க. அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கினேன்."

"தீட்டுப் போச்சா?"

"போச்சு."

"வண்டிக்கும் ஊத்தியாச்சு. உங்களுக்கு ஒரு கொடம் ஊத்தியிருப்பாங்க. இதுக்கு எத்தினி கொடம்னு எனக்குத்தான் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கண்ணப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ ஊத்துனத யாரு பாத்தா?" என்றான்.

அப்போதுதான் தனம்மா வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "பொண்ணு சங்கதி தெரிஞ்சும் மனச தெடப்படுத்திக்கினு வந்தேன். வண்டியும் அப்டியேவா வந்து நிக்கணும்? எத்தினியத்தான் நானு தொடைச்சுப் போடறது?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் அந்த அம்மாள் குரலில் பகை இல்லை, பயம்தான் இருந்தது. ஒரே பிள்ளையைப் பெற்றவளின் பயம். அதைக் கத்தி அடக்க முடியாது.

"பாக்கணும், அவ்ளோதானே? பாருங்க" என்றேன்.

சட்டையைக் கழற்றிப் பாயிடம் கொடுத்தேன். வண்டியில் கட்டியிருந்த மாலைகளை அவிழ்த்தேன். கோயில் குடங்களை வாங்கிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். சேறு ஆகாதவன் முழங்கால் சேற்றில் நின்று குடம் குடமாக மொண்டேன். மாப்பிள்ளை வீட்டார், எங்கள் ஊரார், மேளக்காரர்கள் எல்லாரும் பார்க்க, கூரையிலிருந்து கீழே வரைக்கும் ஊற்றினேன். ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர், அதில் எனக்குப் பயமில்லை. கதவைத் திறந்து உள்ளே பிணம் கிடத்திய ஸீட்டையும் தண்ணீர் விட்டுக் கையால் கழுவினேன். தாய்மாமனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவன் தன் மூஞ்சியைப் பார்த்த அந்தக் கதவுக்கு மட்டும் இன்னும் ஒரு குடம் ஊற்றினேன்.

துடைக்கலாம் என்று பார்த்தால் துணி இல்லை. பூந்தமல்லியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கூட்டத்தில் இருந்தவர்கள் துண்டை நீட்டினார்கள், எல்லாம் முரட்டுத் துண்டு. நான் திருதிருவென்று விழித்தேன். பாய் தலைப்பாகையை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"பாய், இது..."

"மல் துணிதான். தொடை" என்றார்.

அவர் வெறுந்தலையோடு அத்தனை பேர் நடுவில் நின்றார். நான் அந்தத் துணியை விரித்துப் போட்டு இழுத்து எடுத்தேன். கூரை, கதவு, மட்கார்டு என்று துடைத்துக்கொண்டு வந்து பானெட்டைத் தொடப்போனபோது, "நில்லு" என்றாள் தனம்மா.

அவள் கையில் ஆரத்தித் தட்டு. பிள்ளைக்குச் சுற்றக் கொண்டுவந்தது. சுண்ணாம்பு என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அங்கே யாருமில்லை. ஆனால் நான் தடுத்திருந்தால் அந்தக் கல்யாணம் அங்கேயே முடிந்திருக்கும். பானெட் போனால் போகட்டும் என்று நகர்ந்து நின்றேன். அவள் தட்டை வண்டிக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, அப்படியே பானெட்டின்மேல் கவிழ்த்தாள்.

சிவப்புத் தண்ணீர் பரவவே இல்லை. முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, சரிவில் ஓடித் தரையில் விழுந்தது. ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. எத்தனை நாள் மெழுகு அது! நான் துணியால் ஒற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. தனம்மா கிட்டே வந்து உள்ளங்கையைப் பானெட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை.

"ஒண்ணுமே ஒட்டலியே" என்றாள், தனக்குத்தானே.

மெழுகுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் என் தோளை அழுத்திப் பிடித்தார். தனம்மா குனிந்து வண்டியைப் பார்த்தாள். அதில் அவள் முகமும் பின்னால் மாலையோடு நிற்கிற மகன் முகமும் தெரிந்திருக்கும். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"கண்ணப்பா, புள்ளய ஏறச் சொல்லு. பேசுனது போதும். பொண்ணு ஊட்டுல காத்துக்கினு கெடப்பாங்க."

"அக்கா..."

"ஏறச் சொல்லுன்னேன்."

சுந்தரம் மாமன் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. ஈர ஸீட்டில் பட்டு வேட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டான். "ஈரமா கீது மாப்ள" என்றேன். "இருக்கட்டும் மச்சான், காஞ்சுடும்" என்றான். அந்த நிமிஷமே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மேளம் அடித்தார்கள். பாய் ஈரத் தலைப்பாகையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மட்கார்டில் ஒரு சேற்றுப் புள்ளிகூடப் படாமல் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மறுநாள் காலையில் தாலி ஏறிற்று. சாப்பாடெல்லாம் முடிந்து, பெண்ணை மேனாம்பேட்டுக்கு அனுப்புகிற நேரம். அதே வண்டி. சுந்தரம் உள்ளே உட்கார்ந்துவிட்டான். அம்மா அழுதுகொண்டு வாசலில் நிற்கிறாள். நான் அழக் கூடாது என்று முன் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மெழுகு டப்பா பக்கத்தில் ஃபுட்போர்டில் இருந்தது. வள்ளி நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, டப்பாவுல மெழுவு மிச்சம் கீதா?"

"கீது. உனக்கு இன்னாத்துக்கு?"

"எனக்கும் கொஞ்சம் பூசி அனுப்பேன். போற எடத்துல யாரு இன்னா சொன்னாலும் ஒட்டாம ஓடிப் பூடும்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஏரிக்கரையில் நடந்த பேச்சு ஒன்று விடாமல் யாரோ இவள் காதில் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் காலையில் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

டப்பாவைத் திறந்தேன். சுண்டுவிரலில் கொஞ்சமாக எடுத்து, திருஷ்டிப் பொட்டு வைக்கிற இடத்தில், அவள் கன்னத்தில் வைத்தேன்.

"அய்யே, இன்னா அண்ணே, டர்ப்பன்டைன் நாறுது!" என்று மூக்கைச் சுளித்தாள்.

வண்டிக்குள்ளிருந்து தனம்மா கூப்பிட்டாள். வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள். கன்னத்தை மட்டும் துடைக்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.